ஊரிகே போன தண்ணீர்

வெந்நீர்க் குழாயைத் திறந்தால் முதலில் வருவது தண்ணீர்தான். தண்மையான நீர் என்னும் அந்தச் சொல்லின் முழுப் பொருளோடு சில்லென்று வரும். அடுப்பிலிருந்து குளியலறை வரை நீண்டு கிடக்கும் குழாயில் முந்தின நாளிலிருந்து தேங்கி ஆறிப்போன நீர் அது. அது முழுவதும் வெளியேறிய பிறகே பின்னால் சூடு வரும். அதுவரை ஆள் கையை நீட்டிக்கொண்டு நிற்க, நீர் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருக்கும். கோவர்த்தனனின் வாழ்க்கையைச் சொல்ல வேண்டுமென்றால் இந்த ஆறின தண்ணீரிலிருந்துதான் தொடங்க வேண்டும். அவருக்கு வந்த சிறிய நன்மையும் பெரிய வருத்தமும் அதில்தான் வந்தன.

அவர் நகரியில் பிறந்தவர். வீட்டில் தறி இருந்தது. தறியைவிட அண்ணன்மார் அதிகமாக இருந்தார்கள். உட்கார இடம் இல்லாததால் வயதுக்கு வந்ததும் திருப்பதிக்குப் புறப்பட்டார். ரயிலடிக்குப் பின்னால் ஒரு விடுதி. கதவுகளுக்கெல்லாம் பச்சை அடித்திருந்ததால் அதன் சொந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை, பச்சை விடுதி என்பார்கள். மலையேறுவதற்கு முன்னும் இறங்கி வந்த பின்னும் தங்குகிற யாத்ரீகர்களுக்கு வெந்நீர் காய்ச்சிக் கொடுப்பது அவருடைய வேலை. கொல்லையில் பெரிய செப்பு அண்டா. விறகு வைத்துக் காய்ச்சி, வாளியில் மொண்டு, மாடிப்படி ஏறி ஒவ்வொரு அறைக்கும் கொண்டுபோய் வைப்பார். அந்தக் காலத்தில் ஒரு சொட்டுக்கூட வீணானதில்லை. இதை அவருடைய குணம் என்று நான் சொல்ல மாட்டேன். தன் தோளில் சுமந்த பொருளை யாரும் எளிதில் கொட்டுவதில்லை, அவ்வளவுதான்.

ஆந்திர ராஜ்யம் தனியாகப் பிரிந்ததற்கு அடுத்த வருஷம் முதலாளி சென்னைக்குப் போய் ஒரு பெரிய ஹோட்டலில் தங்கிவிட்டு வந்தார். வந்ததும் அண்டாவை விற்றார். அந்த இடத்தில் பாய்லர் வைத்து, அதிலிருந்து சுவரோடு சுவராகக் குழாய் இழுத்து, மாடி அறைகளுக்கெல்லாம் வெந்நீர்க் குழாய் போட்டார். கோவர்த்தனனின் தோளுக்கு ஓய்வு கிடைத்தது. அதே நாளில் சாக்கடைக்கு வேலை வந்தது.

வந்து தங்குகிறவர்கள் பெரும்பாலும் கிராமத்து ஜனங்கள். சுவரிலிருந்து வெந்நீர் வரும் என்பதே அவர்களுக்குப் புதிது. திறந்தவுடன் குளிர்ந்த நீர் வந்தால் ஏமாற்று என்று நினைத்துக் கத்துவார்கள்.

"யோவ் வெந்நீர்க்காரரே! இதுக்குப் பேரு வெந்நீரா?"

"அது பின்னால வரும் சாமி. மொதல்ல வர்றத இந்த வாளியில புடிச்சி வெச்சிடுங்க."

"பின்னால வர்றதுக்கு முன்னால இது எதுக்குய்யா?"

"கொழாய் நீளம் சாமி. நீங்க மலைக்கு நடந்து வரல? அதுமாரி அதுவும் நடந்து வரணும்."

சிலர் சிரித்துவிட்டு வாளியைக் குழாயடியில் நகர்த்துவார்கள். பலர் திறந்துவிட்டுப் போய்ச் சட்டையைக் கழற்றி, துண்டு தேடி, மனைவியோடு ஒரு சண்டையும் முடித்துவிட்டு வருவார்கள். அதனால் கோவர்த்தனனே காலையில் அறை அறையாகப் போய்க் குழாயைத் திறந்து, ஆறின தண்ணீரை வாளியில் பிடித்து, கையில் சூடு உறைத்ததும் மூடிவிட்டு, "இப்ப குளிக்கலாம் சாமி" என்று சொல்ல ஆரம்பித்தார்.

பிடித்த தண்ணீரை என்ன செய்வது என்பதுதான் கேள்வி. மேல்தொட்டியில் திருப்பி ஊற்றலாம் என்று முதலாளியிடம் சொன்னார். முதலாளி பதறிப்போனார். அந்தத் தொட்டியிலிருந்துதான் சமையலுக்கும் சுவாமி படத்துக்கும் தண்ணீர் போகிறது. "குளிக்கிற ரூம்ல புடிச்ச தண்ணியவா? எவனாச்சும் பாத்தான்னா மூட்டையைக் கட்டிக்கினு எதிர் லாட்ஜுக்குப் போயிடுவான். கீழ ஊத்து." யார் மேலும் படாத தண்ணீர், அதே குழாயில் அதே தொட்டியிலிருந்து வந்த தண்ணீர். அது வெளிப்பட்ட அறை அதன் சாதியை மாற்றிவிட்டது. கோவர்த்தனன் வாதாடவில்லை. கீழேதான் ஊற்றினார், கொஞ்ச நாள்.

அவர் குடியிருந்தது விடுதியின் பின்வாசலுக்கு எதிரே போகிற சந்தில். அங்கே ஒரு கிணறு உண்டு. சித்திரை வந்தால் அடியில் உப்புச் சேறுதான் தெரியும். தெருமுனையில் நகராட்சிக் குழாய் ஒன்று. அது நினைத்தபோது வரும், நினைத்தபோது நின்றுவிடும். அவர் மனைவி சுந்தரம்மா அந்தக் குழாயடியில் குடத்தோடு நிற்பதையும், தாம் மாடியில் வாளி வாளியாகக் கீழே கொட்டுவதையும் ஒரே காலைப்பொழுதில் பார்த்த பிறகு, ஒரு நாள் பின்வாசலைத் திறந்து மனைவியைக் கூப்பிட்டார்.

முதலாளியிடம் கேட்கவில்லை. கேட்டால் இல்லையென்று சொல்லிவிடலாம். கேட்காவிட்டால் இல்லையென்று யாரும் சொல்லியிருக்க முடியாது. இதை நேர்மை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. திருட்டு என்று சொல்லவும் எழவில்லை. சாக்கடைக்குப் போகும் வரையில் எதற்கும் சொந்தக்காரன் வருவதில்லை. ஒருவன் குனிந்து எடுத்தால்தான் அது யாருடையது என்ற கேள்வி பிறக்கிறது.

சுந்தரம்மாவுக்கும் கூச்சம் இருந்தது. அது எந்த அறையில் பிடித்த தண்ணீர் என்று அக்கம்பக்கத்தில் அவள் சொல்லவில்லை. துணியில் வடிகட்டி, குடிக்கிறதை மட்டும் கொதிக்க வைத்தாள். வருஷங்கள் போயின. அந்த வீட்டில் தண்ணீர்க் கஷ்டம் என்ற பேச்சே மெல்ல மறைந்தது.

அவர்களுக்கு ஒரே மகள், இந்திராணி. திருத்தணிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். விவசாயக் குடும்பம். கல்யாணமாகி நான்காவது வருஷம்தான் அவள் உண்டானாள். முதல் பிரசவம் தாய் வீட்டில் நடக்க வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுப் பேச்சு இல்லை. ஆனால் சம்பந்தியம்மா ரத்னம்மா, வாயில் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு ஒரு கேள்வி கேட்டாள்.

"அனுப்பறதுல எனக்கு ஒண்ணுமில்ல சம்பந்தி. வெயில் காலத்துல வருது புள்ள. பெத்தவளுக்கு ஊத்தணும், புள்ளைக்கு ஊத்தணும், துணி அலசணும். உங்க சந்துல தண்ணிக்கு இன்னா பண்ணுவீங்க? எங்க ஊர்ல கெணறு வாசல்லயே கீது."

கோவர்த்தனனுக்குப் பெருமை பேசும் பழக்கம் கிடையாது. அன்று ஏனோ பேசிவிட்டார்.

"தண்ணியா? நான் வேலை செய்ற எடத்துல வெந்நீரே கொழாயில வருது சம்பந்தியம்மா!"

"அப்ப எங்க மருமவ உங்க மொதலாளி லாட்ஜ்லதான் புள்ள பெத்துக்கப் போறாளா?"

எல்லோரும் சிரித்தார்கள். ரத்னம்மாவும் சிரித்தாள். சிரித்து முடித்து, "அனுப்பறேன். தண்ணி இல்லன்னு ஒரு நாள் என் காதுல வுழுந்தா அடுத்த பஸ்ல வந்து கூட்டிக்கினு பூடுவேன், ஆமா" என்றாள். அது விளையாட்டுப் பேச்சில்லை என்று சுந்தரம்மாவுக்கு அப்போதே தெரிந்தது.

இந்திராணி பங்குனியில் வந்தாள். நான்கு வருஷம் வேறு வீட்டில் இருந்துவிட்டு வந்தவள், பின்வாசலிலிருந்து அம்மா கொண்டுவரும் குடங்களைப் பார்த்து, "இன்னா நைனா, வெந்நீரு எப்ப வரும்?" என்று கேலி செய்வாள். "உன் புள்ளைக்கு நானே காய்ச்சி ஊத்துறேன், வா" என்பார் கோவர்த்தனன். தொட்டில் கட்ட உத்திரத்தில் கயிறு போட்டாகிவிட்டது. மருத்துவச்சியிடம் சொல்லியாகிவிட்டது. அந்த வீட்டில் குழந்தை பிறக்க வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு அந்தக் கோடையில் வேறு விருப்பம் இருந்ததாகத் தெரியவில்லை.

அது எல்லையைப் பிரிக்கிற பேச்சு முடிவுக்கு வந்துகொண்டிருந்த கோடை. எந்த ஊர் சென்னையோடு போகும், எந்த ஊர் ஆந்திராவில் நிற்கும் என்று காபிக் கடையில் தினமும் பிரித்துக்கொண்டிருந்தார்கள். சித்தூரில் அலுவலகக் காகிதங்கள் இங்கிலீஷில், பேச்சு தெலுங்கில், வசவு மட்டும் தமிழில் என்று ஒரு நகைச்சுவை உலவியது. புதிய அதிகாரிகள் கிருஷ்ணா, குண்டூர்ப் பக்கமிருந்து வந்தார்கள். அப்படி வந்த ஒருவர் நகராட்சியில் தண்ணீர்ப் பிரிவைப் பார்த்துக்கொண்டார். தண்ணீர் குறைந்துபோன அந்தச் சித்திரையில் விடுதி விடுதியாகப் போய், ஏன் இவ்வளவு செலவாகிறது என்று கேட்டுக்கொண்டு வந்தார். கெட்டவர் அல்ல. வெயிலில் குடையில்லாமல் வந்தவர்.

பச்சை விடுதிக்கு அவர் வந்தபோது கோவர்த்தனன் இரண்டு கையிலும் வாளியோடு பின்படியில் இறங்கிக்கொண்டிருந்தார். பின்வாசல் திறந்திருந்தது. வாசலுக்கு வெளியே சுந்தரம்மா இடுப்பில் குடத்தோடு நின்றாள். கொல்லையில் பாய்லருக்குப் பக்கத்தில் முதலாளியும் அதிகாரியும். முதலாளி தெலுங்கில் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். வருகிறவர்கள் படிக்காத ஜனங்கள், குழாயைத் திறந்துவிட்டு வேடிக்கை பார்க்கிறார்கள், நான் ஒருவன் என்ன செய்ய முடியும் என்று சொல்லி, மாடியைக் கையால் காட்டி, அலுத்துக்கொண்டார்:

"நீள்ளு ஊரிகே போதுன்னாயி சார்."

தெலுங்கில் ஊரிகே என்றால் சும்மா, வீணாக என்று பொருள். தண்ணீர் வீணாய்ப் போகிறது என்றார் முதலாளி, அவ்வளவே. கோவர்த்தனனுக்கு அந்தச் சொல் தெரியாததில்லை. நகரியில் பிறந்து திருப்பதியில் பிழைக்கிறவருக்கு இரண்டு பாஷையும் இரண்டு கண் மாதிரி. அந்தச் சொல்லை அவரே ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்வார். ஆனால் அந்தக் கணத்தில், கையில் வாளியும் எதிரே மனைவியும் இருந்த அந்தக் கணத்தில், அவர் காதில் விழுந்தது தமிழ். தண்ணீர் ஊருக்கே போகிறது.

வாளிகளைக் கீழே வைத்துவிட்டார்.

"ஐயோ, ஊருக்கே இல்ல மொதலாளி! என் வூட்டுக்கு மட்டுந்தான். பொண்ணு மாசமா கீது. நாலு குடம், அதுக்கு மேல சத்தியமா இல்ல!"

முதலாளிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. "இன்னா கோவர்த்தனா சொல்ற? நான் இன்னா சொன்னேன், நீ இன்னா..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். கோவர்த்தனன் சொன்னது இன்னதென்று அவருக்கு உறைத்துவிட்டது. அதிகாரிக்குத் தமிழ் வராது. ஆனால் வூட்டுக்கு என்பதையும் குடம் என்பதையும் பிடித்துக்கொண்டார்.

"இண்டிகா?" என்றார். வீட்டுக்கா? பிறகு பின்வாசலைப் பார்த்தார். "ஆமெ எவரு?" அந்தம்மா யார்?

"நா பெள்ளாம் சார்" என்றார் கோவர்த்தனன். என் மனைவி. அதைச் சுத்தமான தெலுங்கில் சொன்னார். அந்தக் கேள்வி மட்டும் அவருக்குப் பிசகாமல் கேட்டிருக்கிறது.

காது கேட்கிறது என்று நாம் சொல்கிறோம். காதுக்கு முன்னால் மனம் போய் வாசலில் நின்றுகொண்டு, வருகிற சொல்லை யாரென்று விசாரித்துத் தனக்கு வேண்டிய முகத்தை மாட்டித்தான் உள்ளே விடுகிறது. ஐந்து வருஷமாக அவர் ஒரு கேள்விக்காகக் காத்திருந்தார். யாரும் கேட்காததால், கேட்காத கேள்விக்கே பதில் சொல்லிவிட்டார்.

அதிகாரி கோபப்படவில்லை. விதியைச் சொன்னார். விடுதிக்குக் கொடுத்த இணைப்பிலிருந்து தண்ணீர் விடுதியின் வாசலைத் தாண்டி வெளியே போகக் கூடாது. போவதை அவர் கண்ணால் பார்த்துவிட்டார். இன்றே நிறுத்தாவிட்டால் இணைப்பைத் துண்டிக்க வேண்டிவரும். சாக்கடைக்குப் போவது? அதற்கு விதி இல்லை. தண்ணீரை வீணாக்காதீர்கள் என்று அறைக்கு அறை பலகை மாட்டச் சொல்லிவிட்டுப் புறப்பட்டார். குளிர்ந்த தண்ணீர் வேண்டுமா என்று சுந்தரம்மா வாசலிலிருந்தே கேட்டாள்; வெயிலில் வந்தவர் ஆயிற்றே. அவர் வாங்கிக் குடித்துவிட்டு, நன்றாயிருக்கிறது என்று தெலுங்கில் சொன்னார்.

அன்று மத்தியானம் பின்வாசலில் பூட்டுத் தொங்கியது.

"ஊரிகேன்னா இன்னான்னு தெரியாதா உனக்கு?" சோற்றைப் போட்டுவிட்டுச் சுந்தரம்மா கேட்டாள். "கத்திரிக்கா விக்கறவன் தெனம் கத்தறானே, ஊரிகே இஸ்தானா, சும்மாவா குடுப்பேன்னு. அவன் ஊருக்கே குடுக்கறேன்னா சொல்றான்?"

"தெரியும்."

"தெரிஞ்சிக்கினுமா?"

"அந்த நேரத்துக்கு அப்டித்தான் கேட்டுச்சி."

"வாய வெச்சிக்கினு சும்மா இருந்திருந்தா..."

"வுடும்மா" என்றாள் இந்திராணி. அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நைனா, நல்ல வேளை, எந்த ஊருக்குன்னு அவரு கேக்கல. கேட்டிருந்தா திருத்தணிக்குன்னு சொல்லி ரெண்டு ஸ்டேட்டுக்கும் சண்டை மூட்டியிருப்ப."

கோவர்த்தனனும் சிரிக்கப் பார்த்தார். பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டார்.

மறுநாள் முதலாளியிடம் போய் நின்றார். பல வருஷமாகக் கேட்காததைக் கேட்டார்.  முதலாளி, "எனக்கு முன்னயே தெரியும் கோவர்த்தனா. பின்வாசல்ல உன் பொண்டாட்டி தெனம் நின்னுக்கினு இருந்தா எனக்கு கண்ணு தெரியாதா? நீ சொல்லாத வரைக்கும் நான் பாக்காத மாரி இருந்தேன். இப்ப மூணு பேரு முன்னால சொல்ட்ட. இனிமே நான் எப்படிப் பாக்காம இருக்கறது, நீயே சொல்லு" என்றார்.  

அதற்குப் பிறகு தெருமுனைக் குழாய்தான். இத்தனை காலம் வராதவர்கள் இப்போது மட்டும் வரிசைக்கு எப்படி வந்தீர்கள் என்று சந்துக்காரர்கள் கேட்டார்கள். எங்கிருந்து தண்ணீர் வந்தது என்று தெரிந்ததும், "எங்களுக்குச் சொல்லாம தனியாவே குளுகுளுன்னு இருந்தீங்களே சுந்தரம்மா" என்றார்கள். குளியலறைத் தண்ணீர் என்று யாரும் முகம் சுளிக்கவில்லை. சுந்தரம்மா பயந்ததற்கு நேர்மாறாக, பங்கு கொடுக்கவில்லை என்பதுதான் அவர்கள் குறையாக இருந்தது. அவளுடைய குடத்தை வரிசையின் கடைசியில் வைத்தார்கள். அவள் முறை வரும்போது குழாய் நின்றுவிடும். கோவர்த்தனன் வேலை முடிந்து தொலைவிலிருந்த ஒரு தோட்டத்துக் கிணற்றுக்குப் போய்ச் சுமந்து வந்தார். பழைய தோள்வலி திரும்பி வந்தது. மூன்று பேர் குடிக்கவும் சமைக்கவும் அது போதும். பிரசவத்துக்குப் போதாது.

ரத்னம்மாவுக்கு விஷயம் எப்படிப் போயிற்று என்று அவர்கள் முதலில் யோசித்தார்கள். யோசிக்க ஒன்றுமில்லை. ஊருக்கே கதை காபிக் கடைக்குப் போயிருந்தது. அங்கே காபி குடித்த திருத்தணி பஸ் கண்டக்டர் அதை பஸ்ஸில் சொல்லிச் சிரித்திருக்கிறார். சிரிப்புக்கு டிக்கெட் தேவையில்லை. எல்லா நிறுத்தத்திலும் இறங்கும். அப்படி ரத்னம்மாவின் ஊரிலும் இறங்கியது.

அவள் சொன்னபடியே வந்தாள். திட்டவில்லை. வந்தவுடன் அடுக்களைக்குப் போய்க் குடங்களை ஒவ்வொன்றாகச் சாய்த்துப் பார்த்தாள். குடிக்க என்று சுந்தரம்மா நீட்டிய சொம்பை வாங்கி, கொஞ்சம் மட்டும் குடித்து, மீதியை இந்திராணி பக்கம் நகர்த்தி வைத்தாள். அதைவிட ஒரு வசவு இருந்திருந்தால் கோவர்த்தனனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"கெளம்பு கண்ணு" என்றாள் மருமகளிடம்.

"மழை வந்துடும் சம்பந்தியம்மா" என்றார் கோவர்த்தனன். "பத்து நாள் பாக்கலாம்."

"புள்ள பத்து நாள் பாக்குமா சம்பந்தி?"

சுந்தரம்மா மகளோடு போய் இருந்து பார்க்கலாமே என்று அவர் மெல்லச் சொன்னார். சம்பந்தி வீட்டில் போய் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டு பிள்ளைப்பேறு பார்ப்பது முறையில்லை என்று சுந்தரம்மாவே மறுத்துவிட்டாள். ரத்னம்மா வா என்று கூப்பிடவும் இல்லை, வராதே என்று சொல்லவும் இல்லை. புறப்படும்போது மட்டும், குரலில் கொஞ்சம் இளக்கத்தோடு, "எங்க ஊரு மெட்ராஸோட போவுதாம். அப்புறம் பேரப்புள்ளையப் பாக்க நீங்க ஸ்டேட் தாண்டித்தான் வரணும்" என்றாள்.

பஸ்ஸில் இந்திராணிக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. கோவர்த்தனன் கீழே நின்றார். அவர் கையில் ஒரு கூஜா. அந்த வீட்டில் அன்று இருந்த தண்ணீரில் பாதி அதில் இருந்தது. வழிக்கு என்று நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டு, "வெயில்ல நிக்காத நைனா, போ" என்றாள். இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை.

மழை இரண்டு வாரத்தில் வந்தது. அதற்குள் பெண் குழந்தை பிறந்துவிட்டது. அதே கண்டக்டர்தான் காபிக் கடையில் வந்து சொன்னார். தாயும் சேயும் சுகம் என்று கேட்டு, கோவர்த்தனன் கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் காபி வாங்கிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து உத்திரத்தில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்க்கப் போனார். இருக்கட்டும் என்றாள் சுந்தரம்மா. இருந்தது.

விடுதியில் பலகைகள் வந்துவிட்டிருந்தன. கோவர்த்தனனே அறைக்கு அறை ஆணியடித்து மாட்டினார். மேலே தெலுங்கு, கீழே தமிழ். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்கள் குழாயைத் திறந்துவிட்டு, சூடு வருகிற வரையில் பொழுது போகாமல் அதைப் படித்தார்கள். அவர் வாளி வைப்பதை விடவில்லை. ஆறின தண்ணீரைப் பிடிப்பார், படியிறங்குவார், பூட்டிய பின்வாசலுக்குப் பக்கத்தில் கீழே ஊற்றுவார். ஏன் அதைப் பிடிக்க வேண்டும், பிடித்து ஏன் சுமந்து வந்து கொட்ட வேண்டும், நேராகவே போகவிட்டால் என்ன என்று சமையல்காரர் ஒரு முறை கேட்டார். பழக்கம் என்று சொல்லிவிட்டார். இதில் ஏதோ உயர்வு இருப்பதாகச் சிலர் பேசிக் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு கை தான் செய்துவந்ததை நிறுத்த வழி தெரியாமல் செய்துகொண்டிருந்தது.

ஆவணி மாதத்தில் ஒரு காலை, நெல்லூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் அறைக்குள் துண்டோடு நின்றுகொண்டு, கோவர்த்தனனின் வாளியில் நீர் நிரம்புவதையும், நிரம்பி வழிவதையும் பார்த்தார். சூடு இன்னும் வரவில்லை. பெரியவருக்கு மனசு கேட்கவில்லை.

"ஏமய்யா, இன்னி நீள்ளு ஊரிகே போதுன்னாயே" என்றார். இன்னி என்றால் இத்தனை.

"அவுனு சாமி" என்றார் கோவர்த்தனன். ஆமாம் சாமி. "ஊரிகே."

இந்த முறை அவருக்குச் சரியாகவே கேட்டது.